என் புற்றுக்குச் சேலை கட்டியவள்

என்னை ஒரு கறையான் புற்றுப் பக்கம் வரவிடாமல் விரட்டுவதற்காக என் நாத்தனார் அந்தப் புற்றுக்குச் சேலை கட்டிவிட்டாள். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. என் கணவரே நம்பவில்லை. அவருக்கு அக்கா சொன்னால் அது வேதம். நான் சொன்னால் அது பொறாமை.

நேரில் நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாங்க, உட்காருங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்று எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். மனத்துக்குள் அவள் எப்போதும் அவள்தான். இதை எழுதுவது மனம் என்பதால் இங்கே மரியாதையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவள் டெங்கில் ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நான் டவுனுக்குள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானில் குடியேறி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துத் தலை நரைத்த பிறகும் அவளுக்கு நான் டவுன் பொண்ணுதான். டவுன் பெண்ணுக்குக் கீரை ஆயத் தெரியாது. டவுன் பெண்ணுக்கு மீன் வாங்கத் தெரியாது. தோட்டத்துப் பெண்ணுக்கு எல்லாம் பிறப்பிலேயே வந்துவிடும். இத்தனைக்கும் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர்கள் குடும்பம் தோட்டத்தைவிட்டு வெளியேறி தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் அம்மா பறித்து வந்த காளானை அவள் தின்றிருக்கிறாள். அவள் குனிந்து பறித்ததை யாரும் பார்த்ததில்லை.

புற்றைக் கண்டுபிடித்தது நான். அதுவும் ஒண்ணுக்கு ஒதுங்கப் போய்க் கண்டுபிடித்தேன். அவள் வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டு நாள் அடைமழை விட்டிருந்த ஒரு காலையில், இனி தாங்காது என்று காரை நிறுத்தச் சொன்னேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். முதல் வரிசையைத் தாண்டிப் போனால் இடுப்பு உயரத்தில் ஒரு செம்மண் புற்று. அதைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காளான். சில மொட்டாக இருந்தன. சில பாதி விரிந்திருந்தன. உச்சியில் எல்லாவற்றுக்கும் கூர்மையான ஒரு மூக்கு. நான் வந்த வேலையை முடித்துக்கொண்டு, வேடிக்கையாக இருக்கிறதே என்று கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "புத்துக் காளான்லா இது" என்றார். கார்ச் சாவியை வைத்து மண்ணைக் கிளறி ஒன்றை எடுத்தார். தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, வேர் மாதிரி நீண்டுகொண்டே போனது. அந்த வேர் கறையான் கூட்டுக்குள்ளிருந்து வருவது, அப்படி வேர் இருந்தால்தான் அது புத்துக் காளான் என்று சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றி அதில் காளானை அடுக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வெளியே அவர் சட்டையில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா வீட்டுக்குப் போகாமல் நேரே கிள்ளானுக்குத் திரும்பிவிட்டோம்.

சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் மஞ்சள் போட்டுப் பிரட்டினேன். நாட்டுக்கோழியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ருசி. என் கணவர் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றார். எனக்கு அன்றைக்குப் பிடித்தது பித்து. மலாய்க்காரர்கள் அதை செண்டாவான் பூசுட் என்கிறார்கள். ஃபேஸ்புக்கில் காளான் தேடுகிறவர்களுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்தில் உட்கார்ந்து அதைத்தான் படிப்பேன். எதைத் தின்னலாம் என்பதைவிட எதைத் தின்னக் கூடாது என்பதுதான் அங்கே அதிகம். அதிலும் ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிப்பார்கள். பாடாங் என்று மலாயில் சொல்லும் திடலில், புல்தரையில் வட்டமாக முளைப்பது. பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் மோதிரம் போட்டது மாதிரி ஒரு வளையம், அடியில் உருண்டை. வேர் கிடையாது. முற்றினால் குடையின் அடிப்பக்கம் பச்சை பூக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். தின்றால் இரண்டு மணி நேரத்தில் வயிற்றைக் கிழித்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் யாராவது ஒருவர் அதைப் படமெடுத்துப் போட்டு இது சாப்பிடலாமா என்று கேட்பார். சிலர் சாப்பிட்டுவிட்டுக் கேட்பார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அவள் வீட்டில் குடும்பம் முழுவதும் கூடுவது வழக்கம். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் நல்ல மழை. புற்று மறுபடியும் கொடுத்தது. ஒரு பெரிய சட்டி நிறையப் பிரட்டல் செய்து எடுத்துப் போனேன். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் நான் முதல்முதலாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதுவும் அவர்கள் மண்ணிலேயே. பார்க்கட்டும் என்றுதான் எடுத்துப் போனேன்.

அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் கண் மூடியது. அந்த வாசனை அவளை எங்கேயோ கொண்டுபோனது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு யார் பறித்தது என்று கேட்டாள். நான்தான் அண்ணி என்றேன். சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் லோங்காங்கில் கவிழ்த்துவிட்டாள். சாக்கடைத் தண்ணீரில் என் காளான் மிதந்து போயிற்று.

"டவுன்காரி பொறுக்குன காளானத் தின்னுட்டு என் வீட்டுல யாரும் சாவ வேணாம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் அதே காளானை இரண்டு தட்டு தின்ற என் கணவரும் சிரித்தார். நான் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வயிறு எரிந்தது இன்றைக்கும் அடங்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் தம்பிக்குப் போன் போட்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்திருக்கிறாள். இவரும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். எந்தக் கிலோமீட்டர் கல், எந்த மின்கம்பம், எத்தனையாவது வரிசை. விஷம் என்று கொட்டினவளுக்கு இடம் எதற்கு என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அது நல்ல காளான் என்று தெரிந்துதான் கொட்டியிருக்கிறாள்.

அடுத்த மழைக்கு நான் போனபோது புற்றைச் சுற்றி வெறும் குழிகள். அவளுக்கு அந்த இடம் பக்கம். எனக்குக் கிள்ளானிலிருந்து வர வேண்டும். நானும் விடவில்லை. மழை விட்ட மறுநாள், விடியும்போதே கிளம்பிவிடுவேன். ஒருமுறை எனக்குக் கிடைக்கும், ஒருமுறை அவளுக்கு. ஒருநாள் இரண்டு பேரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். நான் பறித்து முடித்துக் கூடையைத் தூக்குகிறேன், அவள் கையில் கத்தியும் பிளாஸ்டிக் பையுமாக வந்து நிற்கிறாள். என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள். சும்மா காற்று வாங்க வந்தேன் அண்ணி என்றேன். அவள் என் கூடையைப் பார்த்தாள். மாதா கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு அவரவர் காருக்குப் போனோம்.

அதற்கு அடுத்த மழைக்குத்தான் புற்றுக்குச் சேலை வந்தது.

அன்றைக்குக் கணவரும் கூட வந்திருந்தார். புற்றின் இடுப்பைச் சுற்றி மஞ்சள் சேலை. மேலே அள்ளிப் பூசிய மஞ்சளும் குங்குமமும். முன்னால் ஒரு சூலம், அதன் மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம். ஒரு சின்ன அகல் விளக்கு மழையில் நனைந்து கிடந்தது. சேலை விளிம்பைத் தள்ளிக்கொண்டு என் காளான்கள் மொட்டு மொட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கணவர் செருப்பைக் கழற்றிப்போட்டுக் கும்பிட்டார்.

நான் சேலையைப் பார்த்தேன். மஞ்சளில் அரக்குக் கரை, கரையில் சின்னச் சின்ன மாங்காய். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கி, போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு நான் அவளுக்கு எடுத்துக் கொடுத்த சேலை. அவள் அதை ஒருநாளும் கட்டியதில்லை. அதைச் சொன்னேன். அந்த மாதிரிச் சேலை ஊரில் ஆயிரம் இருக்கும் என்றார் அவர். சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்றும் சொன்னார்.

கையில் கத்தியோடு நின்றேன். யார் கட்டினாள், எதற்குக் கட்டினாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சேலைக்குப் பில் கட்டியவளே நான்தான். ஆனாலும் குங்குமம் வைத்த புற்றில் கத்தி வைக்க என் கை வரவில்லை. மலாய்க்காரரோ சீனரோ வந்திருந்தால்கூடத் தயங்கித்தான் போயிருப்பார்கள். எங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது அவளுக்குத் தெரியும். வேலி போட்டிருந்தால் பிரித்திருப்பேன், பூட்டுப் போட்டிருந்தால் உடைத்திருப்பேன். சேலையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளை அங்கேயே நின்று வாயில் வந்தபடி திட்டினேன். அது ஒன்றுதான் முடிந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவளாலும் இனிப் பறிக்க முடியாது. யாராவது பார்த்துவிட்டால் அம்மன் புற்றில் கை வைத்தவள் என்று பேர் வந்துவிடும். அந்த மழைக் காளான் முழுவதும் விரிந்து, புழு வைத்து, கறுத்து விழுந்தது. போய்வந்து போய்வந்து நான் அதைப் பார்த்தேன்.

சேலை கட்டிய புற்றை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? லோரி ஓட்டுகிறவர்கள் நிறுத்திக் கும்பிட்டார்கள். ஒருவர் பால் ஊற்றினார், ஒருவர் முட்டை வைத்தார். யாரோ லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டிருக்கிறார், அம்மன் கொடுத்திருக்கிறாள், நம்பர் விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் தகரக் கூரை வந்தது. அதற்குப் பிறகு சிமெண்டுத் தரை. பிறகு புற்றின் பாதி உயரத்துக்கு டைல்ஸ், அதுவும் குளியலறைக்குப் போடுகிற வெள்ளை டைல்ஸ். அவள் அங்கே பொறுப்பாளி ஆகிவிட்டாள். எலுமிச்சம்பழம் கொடுப்பதும் விபூதி பூசுவதும் அவள்தான். ஆட்கள் அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புற்று என்பது கறையானின் வீடு. பாலும் மஞ்சள் தண்ணீரும் தினமும் ஊற்றி, சுற்றிச் சிமெண்டு பூசினால் எந்தக் கறையான் அதில் குடியிருக்கும்? அடுத்த மழை வந்தது, காளான் வரவில்லை. அதற்கு அடுத்த மழைக்கும் வரவில்லை. அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் நான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தகரக் கூரையும் டைல்ஸும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த வாத்தியார் செத்தபோதுகூட நான் அவ்வளவு வருத்தப்படவில்லை.

அவளுக்கு வேறு ஒரு சிக்கல். கூட்டம் சேர்ந்த புதிதில் அவள் எல்லாரிடமும் ஒரு கதை சொல்லியிருந்தாள். அம்மன் இங்கே காளானாக வெளிப்பட்டாள், வருடாந்திரப் பூசைக்கு அவளே காளான் கொடுப்பாள், அதைச் சமைத்துப் படைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நோய்நொடி அண்டாது. அம்மனுக்கு யாராவது காளான் படைப்பார்களா என்று நான் கேட்டதற்கு, முனியாண்டிக்குச் சுருட்டும் பீரும் வைக்கவில்லையா என்று என் கணவர் திருப்பிக் கேட்டார். ஆனால் இந்த வருடப் பூசை நெருங்கியபோது, டைல்ஸ் போட்ட புற்றிலிருந்து எந்தக் காளான் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசைக்கு முந்தின நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள். அம்மா கொடுத்துவிட்டாள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

நான் வரவில்லை என்றேன். வராவிட்டால் நன்றாக இருக்காது என்று என் கணவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கிளம்பினோம். பூசைக்கு முன்னால் அவள் தாமான் வீட்டில் நிறுத்தி நாற்காலிகளை ஏற்ற வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்கு எதிரே பிள்ளைகள் பந்து விளையாடும் ஒரு திடல். ஈரப் புல்லில் பெரிய வெள்ளைக் குடைகள் அரைவட்டமாக நின்றன. மீதி அரைவட்டத்தில் யாரோ பிடுங்கிய தடம். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்து பட்டு உடைந்திருக்கும் என்று நினைத்தேன்.

புற்றுக் கோயிலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பின்னால் தகரக் கொட்டகையில் சமையல். அவள் மஞ்சள் சேலையில், ஈரத் தலையில் முடிச்சுப் போட்டு, நெற்றி முழுவதும் குங்குமமாக நின்றாள். முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கல் கரண்டியை ஒரு சின்னப் பெண் நக்கிவிட்டாள். அதன் கையில் சுள்ளென்று ஒன்று வைத்தாள். படையலுக்குச் சமைப்பதை சாமி சாப்பிடும் முன்னால் யார் நாக்கும் தொடக் கூடாது, உப்புப் பார்க்கக்கூடக் கூடாது, அம்மா கண்ணைக் குத்திவிடுவாள் என்று அந்தப் பிள்ளையை அழவைத்தாள். சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பூசை தொடங்குகிற நேரத்தில் எல்லாரும் முன்பக்கம் போனார்கள். நான் தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காளான் சட்டிக்கு முன்னால் நின்றாள். நான் வந்த சத்தம் கேட்டதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வியர்வை என்று நினைத்தேன். குனிந்து தண்ணீர்க் குவளையை எடுக்கும்போது மேசைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பேசின் கண்ணில் பட்டது. அதில் நறுக்கிப் போட்ட தண்டுகள். ஒன்றிலும் வேர் இல்லை. அடியில் உருண்டை. சிலதில் மோதிரம் மாதிரி வளையம் அப்படியே இருந்தது. ஒரு குடைத் துண்டைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் இலேசாகப் பச்சை.

எனக்குத் திடல் ஞாபகம் வந்தது. வெளியே பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து காகிதத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பேரப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவள் தங்கச்சி வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, இது எங்க எடுத்தது?"

"அம்மா குடுத்தது."

"இது பாடாங் காளான், அண்ணி. திடல்ல பாத்துட்டுத்தான் வரேன். வேரே இல்ல பாருங்க. புள்ளைங்களுக்குக் குடுத்தீங்கன்னா அத்தனையும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்."

"பூண்டு போட்டு அவிச்சிருக்கேன். பூண்டு கறுக்கல. நீ எனக்குப் பாடம் எடுக்காத. தோட்டத்துல பொறந்தவ நானு."

காளானோடு பூண்டைப் போட்டு அவித்தால் விஷமாக இருந்தால் பூண்டு கறுத்துவிடும் என்பது எங்கள் ஆட்களிடம் பரம்பரையாக ஓடிவரும் நம்பிக்கை. அந்தக் காளான் குழுவில் இதைப் பற்றி மலாய்க்காரர்களும் அடித்துக்கொள்வார்கள். எந்தக் காளானுக்கும் எந்தப் பூண்டும் கறுப்பதில்லை என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன். பெண்கள் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். பேசினைக் காட்டி, வளையத்தைக் காட்டி, பச்சையைக் காட்டிச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். எனக்கும் அவளுக்கும் இந்தப் புற்றால் எவ்வளவு பகை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. நல்ல நாளில் எதற்கு இது என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி சட்டியை முன்னால் எடுத்துப்போகத் துணி தேடினாள். பூசாரி மணியடிக்க ஆரம்பித்தார்.

நான் முந்தானையைச் சுருட்டிச் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. பின்பக்கமாக நடந்துபோய்ச் சாலையோர லோங்காங்கில் முழுவதையும் கவிழ்த்தேன். ஒரு துண்டு மிச்சமில்லாமல் சட்டியைத் தட்டித் தட்டிக் கொட்டினேன். உள்ளங்கை இரண்டும் பொத்துப்போயிற்று. என் காளானை அவள் கொட்டிய நாள் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அதற்காகக் கொட்டவில்லை.

அவள் கூச்சல் போடவில்லை. அது அவள் கெட்டிக்காரத்தனம். கையைக் கூப்பிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"பாத்துக்குங்க. அம்மாவோட சாப்பாட்ட சாக்கடையில கொட்டிட்டா. இனி அம்மா பாத்துக்குவா."

என் கணவர் காரை எடுத்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, இனி என் குடும்பத்தில் எப்படித் தலைகாட்டுவேன் என்று மட்டும் கேட்டார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஒரு பிள்ளையும் தின்னவில்லை. ஆகாத ஒன்றை நான் எப்படி நிரூபிப்பது?

சாயங்காலம் போன் வந்தது. அக்காவுக்கு வாந்தி பேதி, நிற்கவே இல்லை, மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குடும்பக் குழுவில் செய்திமேல் செய்தி. விரதம் இருந்த வயிறு, ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை, பிறகு எப்படி வரும்? அம்மாவின் கோபம்தான். படையலைக் காக்கத் தவறியதற்குப் பொறுப்பாளியைத் தண்டித்துவிட்டாள். பாவம் செய்தவள் ஒருத்தி, அனுபவிப்பவள் ஒருத்தி. பாவம் செய்த அந்த ஒருத்தி யார் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு அந்த முந்தானை ஞாபகம் வந்தது. அவள் துடைத்தது வியர்வை இல்லை.

டாக்டரிடம் காளான் என்று சொல்லச் சொல்லுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அக்கா வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை, இன்னும் உன் வாய் அடங்கவில்லையா என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி வந்ததில்லை. நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த தாதியிடம் மலாயில் விவரம் சொன்னேன். நோயாளி எதுவுமே சாப்பிடவில்லை என்கிறாரே என்றாள் தாதி. அவர் அப்படித்தான் சொல்வார், திடல் காளான் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் போனைக் கையில் எடுக்கும்வரைதான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கணவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் முதலில் மேலே போனேன். அவள் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. குங்குமம் இல்லாத நெற்றியில் அவள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. கண் குழிவிழுந்து, உதடு வெடித்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் காலி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையில் போட்டிருந்த கட்டு அரித்தது. கேட்க எவ்வளவோ இருந்தது. ஒன்றைத்தான் கேட்டேன்.

"அண்ணி, உப்பு சரியா இருந்துச்சா?"

அவள் தலையைத் திருப்பி, முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு காலிக் கட்டிலைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கம்மி" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகளை நான் காப்பாற்றியிருக்கிறேன் என்று தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவள்தான். அதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். தம்பியிடம் மட்டுமாவது சொல்லுங்கள் அண்ணி, போதும் என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் அவளிடம் நான் கெஞ்சியது அது ஒருமுறைதான்.

கதவு திறந்தது. என் கணவர் உள்ளே வந்தார். நான் அழுதுகொண்டிருப்பதையும் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்டார்.

அவள் டிரிப்ஸ் ஏறும் கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தாள்.

"உன் பொண்டாட்டி மன்னிப்புக் கேட்டா. நான் மன்னிச்சிட்டேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நேற்றிலிருந்து முதல்முறையாக என் தோளில் கை வைத்தார். "அக்காவுக்கு எப்பவுமே பெரிய மனசுலா" என்றார்.